மார்லீன் டீட்ரிச்: மேடையா, சினிமாவா?

அஸ்தம்பட்டிக்காரன்: எங்க நாடகக் குழுவுல மார்லீன் டீட்ரிச்ங்கிற ஜெர்மன் நடிகையைப் பத்திப் பேசச் சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. நேரா சினிமாவுக்கு வந்தவங்களா?

ஏற்காட்டுப் பெருசு: இல்ல தம்பி. 1901ல பெர்லின்ல பிறந்தாங்க. வயலின் படிச்சு, மணிக்கட்டு கெட்டு, அதை விட்டாங்க. அப்புறம் கோரஸ், நாடகம், ஊமைப் படம். 1930ல ‘நீல தேவதை’ங்கிற பேசும் படம். ஜெர்மன், இங்கிலீஷ் ரெண்டுலயும் எடுத்தது. நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவும் பல மொழியில எடுத்தவங்கதானே! ‘நீல தேவதை’யில பீப்பாய் மேல உக்காந்து, ஒரு காலை மடக்கிப் பிடிச்சுப் பாடுவாங்க பாரு, அதான் நடிப்பு.

சூரமங்கலம் ரசிகை: ஹாலிவுட் போனவங்களை நாஜிகள் திரும்பக் கூப்பிட்டும் போகல. 1939ல அமெரிக்கக் குடியுரிமை. போர்முனையில அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பாடினாங்க. அதனால 1960ல ஜெர்மனிக்குப் பாட வந்தா, அங்க சில பேர் ‘திரும்பிப் போ’ன்னு அட்டை பிடிச்சாங்க! 1975ல சிட்னி மேடையில விழுந்து தொடை எலும்பு முறிஞ்சது, அதோட மேடைக்கு முழுக்கு.

அஸ்தம்பட்டிக்காரன்: நன்றிங்க அண்ணே, அக்கா. அந்த அட்டை விஷயத்துல இருந்தே ஆரம்பிச்சிடறேன்.