பழைய வீ யூ செட், இப்போது வாங்கலாமா?

நிண்டெண்டோ வீ யூ, கறுப்பு 32 ஜிபி மாடல் ஒன்று செகண்ட் ஹேண்டாக விலைக்கு வந்திருக்கிறது. வாங்குவதா விடுவதா என்று குழப்பம். 2017-லேயே தயாரிப்பு நின்ற வீடியோ கேம் கன்சோல். கேம் வாங்கும் ஆன்லைன் கடையான இ-ஷாப் 2023 மார்ச்சிலும், ஆன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரலிலும் மூடியாயிற்று. ஆக, டிஸ்க்தான் கதி.

போட்டுப் பார்த்தேன். டிவியில் படம் சுத்தமாக வருகிறது. ஆனால் டிஸ்க் கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டுத்தான் படிக்கிறது. வேறு டிஸ்க் மாற்றினாலும் அதே சத்தம். கேம்பேட் (திரை வைத்த கன்ட்ரோலர்) சார்ஜரை உருவியதும் சிவப்பு விளக்கு மினுக்கி, அப்புறம் அணைந்துவிடுகிறது. விற்பவர் இரவு முழுக்க சார்ஜில் வைத்தும் இதே நிலைதானாம். கேம்பேட் இல்லாமல் செட்டிங்ஸைக்கூடத் திறக்க முடியாதே!

டிரைவ் இப்படிக் கரகரக்கும் செட்டை, பேட்டரியை மட்டும் மாற்றி ஓட்டிவிடலாம் என்று நம்பி வாங்கலாமா?