பழைய உத்தரக் கட்டைகள்: ஜாராவா, காரியா?

கேள்வி:
பெர்த்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த எட்டு உத்தரக் கட்டைகளை ஜாரா என்ற மரத்தின் பெயரில் வாங்கினேன். இழைப்புளி போட்டுப் பார்த்தபோது எல்லாமே செம்பழுப்பாக இருந்தாலும், இரண்டு கட்டைகள் மட்டும் சற்று வெளிறியும் கூடுதல் கனமாகவும் தெரிகின்றன. பந்தல் கால்களாக மண்ணில் நட இருப்பதால், இவை உண்மையில் ஜாராதானா என்று எப்படி உறுதிசெய்வது?

பதில் 1:
நிறத்தை நம்பாதீர்கள். ஜாராவே இளஞ்சிவப்பு முதல் அடர்சிவப்பு வரை பல நிறங்களில் வரும். வெளிச்சம் பட்டால் இன்னும் கறுக்கும். உங்கள் இரண்டு கட்டைகள் காரி மரமாக இருக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் வளரும் ஜாரா, காரி என்ற இந்த இரண்டு யூகலிப்டஸ் மரங்களையும் பிரிக்கத் தச்சர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி தீக்குச்சிச் சோதனைதான். கட்டையின் உள்ளே, வைரம் பாய்ந்த பகுதியிலிருந்து தீக்குச்சி அளவுக்கு ஒரு சிராயைச் சீவியெடுத்து, நன்கு உலர்ந்த பின் காற்றில்லாத இடத்தில் கொளுத்துங்கள். ஜாரா கரிக்குச்சியாகக் கறுத்து நிற்கும், காரி வெண்சாம்பலாகும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மேற்பரப்பைச் சுரண்டி எரிக்க வேண்டாம்.

பதில் 2:
எடையும் ஓரளவு உதவும். காற்றில் உலர்ந்த ஜாரா கன மீட்டருக்குச் சுமார் 820 கிலோ, காரி சுமார் 900 கிலோ. பத்து சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றை அறுத்து நிறுத்தால் கிராமில் அதே எண்கள் வரவேண்டும். ஆனால் கட்டைக்குக் கட்டை எடை மாறும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. உங்களுக்கு முக்கியமானது வேறு: ஜாராவின் வைரப்பகுதி மண்ணிலும் நெடுங்காலம் தாங்கும், கரையானையும் பெரும்பாலும் எதிர்க்கும். காரிக்கு அந்தக் குணம் குறைவு. நீளமாகவும் நேராகவும் கிடைத்ததால்தான் அதைக் கூரை வேலைக்கு விரும்பினார்கள்.

கேட்டவர்:
எட்டிலும் சிராய் எடுத்துக் கொளுத்தினேன். ஆறு கரியாக நின்றன. சந்தேகப்பட்ட இரண்டும் ஊதினால் பறக்கும் வெண்சாம்பலாயின. விற்றவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பதில் 2:
அப்படியானால் அந்த இரண்டையும் பந்தலின் மேல்விட்டங்களாக வையுங்கள். அறுப்பதற்கு முன் புதைந்திருக்கும் ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிடுங்கள். இந்தக் கட்டைகளில் துருப்பிடித்த ஆணி தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.