கசின்ஸ் குழுவில் கோபிள்மான்

நிவி: கார்த்தி அண்ணா, மைன்கிராஃப்ட்ல போக்கிமான் பிடிக்கிற அந்த கோபிள்மான் என் மொபைல்ல வருமா?

கார்த்தி: வராது மா. அது மைன்கிராஃப்டோட கம்ப்யூட்டர் பதிப்பான ஜாவா எடிஷனுக்கு மட்டும். மொபைல்ல இருக்கிறது பெட்ராக்னு வேற பதிப்பு. ஆப் ஸ்டோர்ல அந்தப் பேர்ல எது கண்ணுல பட்டாலும் தொடாத.

சித்தி: இதுக்குத் தனியா காசு கட்டணுமா கார்த்தி?

கார்த்தி: இல்ல சித்தி. ரசிகர்கள் பண்ண மோட், அதாவது கேம் மேல சேர்த்துப் போடுற கூடுதல், இலவசம். மைன்கிராஃப்ட் ஜாவா மட்டும் காசு கொடுத்து வாங்கியிருக்கணும். மோடுக்குன்னு கார்டு நம்பர் கேட்டா போலி.

நிவி: அப்பா லேப்டாப்ல ஜாவா இருக்கு. 8 ஜிபி ரேம். போதுமா?

தேவா: போதும். மோட் எல்லாம் போட்டுத் தர்ற மாட்ரிந்த் (Modrinth) ஆப் இறக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்குல உள்ள போ, கோபிள்மான் அஃபிஷியல் மாட்பேக்னு (தேவையான மோட் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) தேடு, ஃபேப்ரிக் போட்டதை எடு. ஃபேப்ரிக்தான் மோடை ஓட வைக்கிறது, அதுக்குத் துணையா வேணுங்கிற ஃபேப்ரிக் ஏபிஐ எல்லாம் ஆப்பே போட்டுக்கும். கையால மோடோட ஜார் ஃபைலைத் தூக்கிப் போட்டா பாதிப் பேர் ஃபேப்ரிக் ஏபிஐயை மறந்துட்டு "ஓபன் ஆகல"ன்னு வருவாங்க.

தேவா: மைன்கிராஃப்டுக்கு மெமரி 4 ஜிபி கொடு. 8ஐயும் கொடுத்தா விண்டோஸுக்கு மிச்சம் இருக்காது, எல்லாமே திணறும். ரெண்டர் டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரை தெரியணும்ங்கிறது) 10க்கு மேல வேண்டாம்.

நிவி: பழைய வேர்ல்டுலயே போடலாமா? வீடெல்லாம் கட்டி வச்சிருக்கேன் 🥺

கார்த்தி: போடலாம், முதல்ல வேர்ல்டு ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வை. இன்னொண்ணு, நீ ஏற்கனவே சுத்தின நிலத்துல ஆப்ரிகார்ன் மரம் (போக்கிமான் பிடிக்கிற பந்து செய்யுற காய் அதுலதான்) முளைக்காது. நிலம் உருவாகும்போதே வர்ற மரம் அது. கால் படாத திசையில நடந்து போய்த் தேடணும். போக்கிமான் மட்டும் பழைய இடத்துலயும் வரும்.

நிவி: போட்டாச்சு!! முதல் போக்கிமான் எங்க?

தேவா: எம் கீ. பொறுமையாப் பாத்து எடு, அப்புறம் மாத்த முடியாது. காட்டுல ஒண்ணைப் பாத்து ஆர் கீ அழுத்தினா உன்னோடது வெளிய வந்து சண்டை போடும். மேல் கீழ் அம்புக் கீல எந்தப் போக்கிமானை அனுப்பணும்னு மாத்திக்கலாம்.

நிவி: பந்து இல்லையே

தேவா: சிவப்பு ஆப்ரிகார்ன் 4, நடுவுல காப்பர் இங்காட் 1. பழுத்ததும் வலது கிளிக் பண்ணிப் பறி. மரத்தை வெட்டாத, திரும்பக் காய்க்கும். காப்பர் தோண்ட கல் பிக்காக்ஸாவது வேணும், மரத்துது ஆகாது.

நிவி: எறிஞ்சுட்டே இருக்கேன், எல்லாம் உடைச்சிட்டு வெளிய வருது 😤

கார்த்தி: முழு உயிரோட இருக்கிறது மேல எறிஞ்சா அப்படித்தான். சண்டைக்குப் போ, உயிரைச் சிவப்புக்குக் கொண்டு வா, முடிஞ்சா தூங்க வை. தூக்கம் பக்கவாதத்தை விட நல்லா உதவும். விஷமும் தீக்காயமும் ஒவ்வொரு சுற்றுலயும் உயிரைக் குறைச்சிட்டே இருக்கும், நீ பந்து எறியறதுக்குள்ள அதுவே சுருண்டு விழுந்துடும்.

கார்த்தி: சண்டை நடக்கும்போது உலகம் நிக்காதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோ. ராத்திரியில மெனு பாத்துட்டு நின்னா பின்னாடி கிரீப்பர்ங்கிற எதிரி வந்து வெடிச்சிட்டுப் போயிடும். நாலு பக்கமும் மண்ணை வச்சிட்டு அப்புறம் யோசி.

நிவி: ஒரே மாதிரிதான் வருது

தேவா: ஒரே இடத்துல நின்னா அதுதான் வரும். பாலைவனத்துல சாண்டைல், தண்ணில மேஜிகார்ப், அப்படி. நிலம், நேரம், மழை எல்லாத்தையும் பாத்துத்தான் வருது. வேர்ல்டுல சீட்ஸ் (cheats, கமாண்ட் அடிக்கிற அனுமதி) ஆன்ல இருந்தா "/checkspawn common"னு அடி, நீ நிக்கிற இடத்துல என்ன வரலாம்னு சதவீதத்தோட காட்டும். common-க்குப் பதில் rare போட்டும் பாரு. மேஜிகார்ப்பை ஏளனமா விட்டுடாத, லெவல் 20ல கியாரடோஸா மாறும்.

சித்தி: இந்த மாதிரி ரசிகர்கள் பண்றதை போக்கிமான் கேம் கம்பெனி நிண்டெண்டோ விட்டு வைக்குமா?

கார்த்தி: எப்பவும் விட்டு வைக்கும்னு சொல்ல முடியாது சித்தி. போக்கிமான் யுரேனியம்னு ரசிகர்கள் பண்ண கேம் ஒண்ணு 2016 ஆகஸ்ட்ல வந்துச்சு, 15 லட்சம் டவுன்லோடு தாண்டின கொஞ்ச நாள்லயே லிங்கை எடுத்துட்டாங்க. ராப்லாக்ஸ்ங்கிற கேம் தளத்துல இருந்த போக்கிமான் பிரிக் பிரான்ஸ் (Brick Bronze) 2018ல போச்சு. அது சர்வர்ல மட்டும் ஓடினது, அதோட பசங்க பிடிச்சதெல்லாம் போயிடுச்சு. இது நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும்.

நிவி: என் ஹான்ட்டர் போக்கிமானுக்கு லெவல் ஏத்திட்டே இருக்கேன், அடுத்த வடிவமான கெங்கார் ஆகவே மாட்டேங்குது

தேவா: லெவல்ல ஆகாது. இன்னொருத்தரோட டிரேட் (பண்டமாற்று) பண்ணணும். ஆதியும் நீயும் ஒரே வேர்ல்டுல இருந்தா அவனைப் பாத்து ஆர் அழுத்து, டிரேட் வரும். தனியா ஆடினா கேமுக்குள்ள கிடைக்கிற லிங்க் கேபிள்ங்கிற பொருள் வேணும்.

ஆதி: நான் வரேன். எங்கிட்ட மைன்கிராஃப்ட் திறக்க வேற லாஞ்சர் இருக்கு, அதுல வரலாமா?

கார்த்தி: மாட்பேக் வெர்ஷன் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா உள்ளயே விடாது. அப்புறம் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத லாஞ்சர்ல பேரை மாத்தி மாத்தி வராத டா. போக்கிமான் உன் யூயூஐடி (UUID, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனி அடையாள எண்) மேலதான் சேவ் ஆகுது. அங்க பேர் மாறினா யூயூஐடியும் மாறும், போக்கிமான் வைக்கிற பெட்டி காலியாத் தெரியும். பழைய பேர்லயே திரும்ப வந்தா கிடைக்கும்.

ஆதி: ஓ அதான் போன தடவை காணோமா 😭 பழைய பேர் என்னன்னு பாக்கிறேன்