தகுதிச் சுற்றா, தகுதிச் சுற்றுப்போட்டியா? ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். ஆசியக் கோப்பைக் கூடைப்பந்து பற்றித் தமிழில் எழுதும்போது 'தகுதிச் சுற்று' என்ற ஒரு சொல்லே நாலு வேலை பார்க்கிறது. குழப்பம் எங்கே வருகிறது என்று காட்ட மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைக்கிறேன்.

2015இல் போட்டி சீனாவின் சாங்ஷாவில் நடந்தது, 16 அணிகள். இடங்கள் பகுதிவாரியாக ஒதுக்கப்பட்டன. தெற்காசிய நாடுகள் பெங்களூரில் கூடி ஆடின. வென்ற இந்தியா மட்டுமே அந்தப் பகுதியிலிருந்து சாங்ஷாவுக்குப் போனது. கிழக்காசியாவிலிருந்து போட்டி நடத்திய சீனாவையும் சேர்த்து ஐந்து அணிகள் ஆடின. பெங்களூரில் நடந்தது தெற்காசியப் பட்டத்துக்கான போட்டி, அதுவே ஆசியப் போட்டிக்கு வாசலும்கூட.

2017இல் லெபனானின் பெய்ரூட். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் முதன்முறையாக ஆசியாவோடு சேர்ந்து ஆடிய ஆண்டு. தென்கிழக்கு ஆசியாவுக்கான போட்டி மணிலாப் பெருநகரில் நடந்து, பிலிப்பைன்ஸ் வென்று போனது. அதுவரை பழைய முறை.

2025இல் சவுதி அரேபியாவின் ஜித்தா. இங்கே எல்லாம் மாறிவிட்டது. தகுதி பெற ஆடியவை 24 அணிகள், நான்கு நான்காக ஆறு பிரிவுகள். சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணியின் ஊரில் ஓர் ஆட்டம். 2024 பிப்ரவரி, 2024 நவம்பர், 2025 பிப்ரவரி என்று மூன்று முறை கூடிக் கலைந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள், ஆக 12, நேராக ஜித்தாவுக்கு. மூன்றாம் இடம் பிடித்த ஆறு அணிகளை மும்மூன்றாகப் பிரித்து, 2025 மார்ச்சில் மீதி நான்கு இடங்களுக்கு ஆடவிட்டார்கள். 2024 நவம்பரில் கத்தாரும் கஜகஸ்தானும் இந்தியாவோடு ஆட வந்த ஊர் சென்னை.

பெங்களூரில் நடந்ததும் சென்னையில் நடந்ததும் தகுதிச் சுற்று. மார்ச்சில் மூன்று அணிகள் மோதியதும் தகுதிச் சுற்று. இவற்றுக்கு முன்னால், 24க்குள் நுழையவே சின்ன அணிகள் ஆடுபவையும் தகுதிச் சுற்று. போதாக்குறைக்கு ஐபிஎல்லில் லீக் முடிந்தபின் முதலிரண்டு அணிகள் இறுதியாட்டத்துக்காக மோதுவதையும் 'முதல் தகுதிச் சுற்று' என்கிறோம். என் முன்மொழிவு: ஓரிடத்தில் கூடி ஆடுவது 'மண்டலத் தகுதித் தொடர்', ஊர் ஊராக ஆடுவது 'தகுதி ஆட்டங்கள்'.

க.

---

க. ஐயாவுக்கு வணக்கம்.

இலங்கைப் பத்திரிகைகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. டோர்னமென்ட் என்றால் சுற்றுப்போட்டி. பாடசாலை மட்டத்திலிருந்து ஆசிய மட்டம் வரை அதுதான். ஆகவே 'வலயத் தகுதிகாண் சுற்றுப்போட்டி' என்றால் எங்கள் வாசகர் உடனே பிடித்துக்கொள்வார். 'தெரிவுச் சுற்றுப்போட்டி' என்றும் எழுதுகிறார்கள். கோப்பை என்பதற்குப் பதிலாகக் கிண்ணம் என்பதும் அப்படித்தான், ஆனால் அதற்காக இங்கே சண்டை பிடிக்கப் போவதில்லை.

'தொடர்' என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். தொடர் என்றால் இரண்டு அணிகள் மாறி மாறி மோதுவது. கிரிக்கெட்டில் டெஸ்ட் தொடர், ஒருநாள் தொடர். கூடைப்பந்திலேயே சுத்தமான எடுத்துக்காட்டு உண்டு: ஆசியாவோடு சேருமுன் ஓசியானியாவின் பட்டத்தை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தமக்குள் ஆடித் தீர்த்துக்கொண்டன. 2015இல் இரண்டே ஆட்டம், ஒன்று மெல்பர்னில், ஒன்று வெலிங்டனில். ஆஸ்திரேலியா வென்று ரியோ ஒலிம்பிக்குக்குப் போனது. அதுதான் 'தகுதித் தொடர்'. ஐந்தாறு அணிகள் ஒரே அரங்கில் கூடுவதற்கும் அதே சொல்லை வைத்தால், இதற்கு என்ன பெயர் சொல்வது?

தே.

---

தே. அக்கா சொன்ன 'சுற்றுப்போட்டி' எனக்குச் சம்மதம். ஆனால் மற்ற மூன்று துண்டுகளிலும் சிக்கல் இருக்கிறது.

'தகுதிகாண்': தமிழ்நாட்டில் அரசு வேலையில் சேர்ந்தவருக்கு முதலில் வருவது தகுதிகாண் பருவம். வேலை கிடைத்தபின் 'ஆள் தேறுவாரா' என்று மேலதிகாரி பார்க்கும் காலம் அது. இங்கே நிலைமை நேர் எதிர், இடம் இன்னும் கிடைக்கவே இல்லை. 'தகுதி' மட்டும் போதும்.

'தெரிவு': தெரிவு செய்ய ஒருவர் வேண்டும். 12 பேர் கொண்ட அணியைத் தெரிவுக்குழு தெரிவு செய்கிறது. ஜித்தாவுக்குப் போன அணிகளை யாரும் தெரிவு செய்யவில்லை, அவை வென்று போயின. 'தெரிவுப் போட்டி' என்பதை வீரர்களைப் பொறுக்கி எடுக்க வைக்கும் ஆட்டங்களுக்கு விட்டுவிடலாம்.

'மண்டலம், வலயம்': இதுதான் பெரிய பள்ளம். பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் வழக்கில் ஸோன் என்றால் முழு ஆசியா, முழு ஐரோப்பா. தெற்காசியா அதற்குக் கீழே உள்ள சப்-ஸோன். தெற்காசியாவை மண்டலம் என்றுவிட்டால் ஆசியாவை என்ன சொல்வது? கண்டம் என்றும் சொல்ல முடியாது. இஸ்ரேல் கூடைப்பந்தில் ஐரோப்பாவோடு ஆடுகிறது. கஜகஸ்தான் கால்பந்தில் ஐரோப்பா, கூடைப்பந்தில் ஆசியா. ஆஸ்திரேலியா தனிக் கண்டம், ஆனால் ஆசியக் கோப்பையை மூன்று முறை எடுத்துப்போய்விட்டது. இது நிலவியல் அல்ல, நிர்வாகப் பங்கீடு. ஆகவே ஸோன் 'மண்டலம்', சப்-ஸோன் 'துணைமண்டலம்'.

சிங்கப்பூர்ச் செய்திகளில் வரும் 'வட்டாரம்' அழகான சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் வட்டார வளர்ச்சி அலுவலரின் எல்லை சில பத்து ஊராட்சிகள், இலங்கையில் வட்டாரம் என்பது உள்ளாட்சித் தேர்தலின் மிகச் சின்ன அலகு. மாலத்தீவிலிருந்து நேபாளம் வரை அந்தச் சொல் நீளாது.

நடைமுறையில் இன்னொன்று. பெயர் தெரிந்த இடத்தில் பொதுச்சொல்லே வேண்டாம். 'தெற்காசியத் தகுதிச் சுற்றுப்போட்டி' என்று எழுதிவிட்டால் மண்டலமா வலயமா என்ற கேள்வியே எழாது. ஆறு துணைமண்டலங்களையும் சேர்த்துப் பேசும்போது மட்டும் பொதுச்சொல்லை எடுப்போம்.

செ.

---

எல்லோருக்கும் வணக்கம். 'சுற்றுப்போட்டி, ஆட்டங்கள்' என்ற பிரிவினை சரி. அது வெறும் சொல்லழகுக்காக அல்ல, அட்டவணையைப் படிக்கும் முறையே மாறுகிறது என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். இதில் இன்னொரு சொல்லும் உதைக்கிறது: புள்ளி.

கால்பந்தில் கோல் வேறு, புள்ளி வேறு. கிரிக்கெட்டில் ஓட்டம் வேறு, புள்ளி வேறு. கூடைப்பந்தில் வளையத்துக்குள் போட்டாலும் புள்ளி, அட்டவணையில் ஏறுவதும் புள்ளி. வென்ற அணிக்கு 2, தோற்ற அணிக்கு 1. தோற்றவருக்கு எதற்கு 1 என்று புதியவர் கேட்பார். ஆடாமலே தோற்பவரிடமிருந்து பிரித்துக்காட்டத்தான். ஆட்ட நேரம் வந்து 15 நிமிடமாகியும் ஐந்து பேரைக் களத்தில் இறக்க முடியாத அணிக்கு 0, எதிரணிக்கு 20–0 வெற்றி. ஆட்டத்தின் நடுவில் காயத்தாலும் தவறுகளாலும் ஆள் குறைந்து களத்தில் இரண்டு பேருக்கும் கீழே போனால் கணக்கு வேறு: எதிரணி முன்னிலையில் இருந்தால் அந்த எண்ணிக்கையே நிற்கும், இல்லையென்றால் 2–0. அப்போதும் தோற்றவருக்கு 1 உண்டு. முதலாவதை 'வராத் தோல்வி' என்றும் இரண்டாவதை 'ஆளில்லாத் தோல்வி' என்றும் சொல்லிப் பார்க்கிறேன். வளையத்தில் விழுவது ஆட்டப்புள்ளி, அட்டவணையில் ஏறுவது நிலைப்புள்ளி.

இனி கணக்கு. மூன்று அணிகள் மோதும் கடைசிக் கட்டம், இருவருக்கு இடம். அ அணி ஆ அணியை 8 ஆட்டப்புள்ளியில் வென்றது. இ அணி அ அணியை 5இல் வென்றது. கடைசி ஆட்டம் ஆ–இ. ஆ வென்றால் மூவருக்கும் ஆளுக்கு 3 நிலைப்புள்ளி. உடனே தமக்குள் ஆடிய ஆட்டங்களின் வித்தியாசம் பார்ப்பார்கள். அ: கூட்டல் 3. ஆ: கழித்தல் 8. இ: கூட்டல் 5. இப்போது ஆ அணி 6இல் வென்றால் அதற்குக் கழித்தல் 2, இ அணிக்குக் கழித்தல் 1. வென்ற ஆ வெளியே, தோற்ற இ உள்ளே. 7இல் வென்றால் தலைகீழ். கடைசி அரை நிமிடத்தில் 4 முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தட்டிக்கொண்டே நேரம் கடத்தாமல் மூன்று புள்ளிக்கு எறிவதும், தோற்கிற அணி நிம்மதியாக நிற்பதும் இதனால்தான். சொந்த வளையத்தில் போட்டுச் சமநிலை ஆக்கி, கூடுதல் 5 நிமிடத்தில் வித்தியாசத்தைப் பெருக்கலாமே என்று யாராவது நினைத்தால் நடக்காது. வேண்டுமென்றே சொந்தக் கூடையில் போட்டால் விதிமீறல், புள்ளியும் சேராது.

ஊர் ஊராக ஆடும் நான்கு அணிப் பிரிவில் கணக்கு வேறு மாதிரி கடிக்கும். இரண்டு அணிகள் சமம், ஒன்றையொன்று ஒருமுறை வென்றிருக்கின்றன. வெளியூரில் 71–83 என்று தோற்ற அணி வீட்டில் 90–78 என்று வென்றால், இரண்டு பக்கமும் கூட்டினால் 161. தமக்குள் வித்தியாசம் சுழியம், அடித்த மொத்தமும் சமம். அப்புறம்தான் பிரிவின் எல்லா ஆட்டங்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். 'புள்ளி வித்தியாசம்' என்று மொட்டையாக எழுதினால் இவற்றில் எது என்று வாசகருக்குத் தெரியாது. 'தமக்குள் வித்தியாசம்', 'பிரிவு வித்தியாசம்' என்று பிரித்தே எழுத வேண்டும்.

மா.

---

மா. அம்மாவின் கணக்கை இருமுறை போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. கபடிக்காரர்களுக்கும் நிலைப்புள்ளி உதவும்.

எனக்குள்ள கேள்வி வேறு. 2024 பிப்ரவரி, நவம்பர் என்று கூடிக் கலைவதை ஆங்கிலத்தில் விண்டோ என்கிறார்கள். 'முதல் சாளரத்தில் இந்தியா தோற்றது' என்று எழுதினால் யாரோ கல் எறிந்த மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

க.

---

க. ஐயா, சாளரத்தை மூடிவிடலாம்.

விண்டோ என்பதன் பொருள் என்னவென்று பார்த்தால் சொல் தானாக வரும். 2017 நவம்பரில் உலகக் கோப்பைக்கான ஆட்டங்களோடு இந்த முறை தொடங்கியது. லீக்குகள் சில நாள் நின்று, வீரர்களை நாட்டு அணிக்கு விடுகின்றன. அணி கூடி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுக் கலைகிறது. மாதங்கள் கழித்து மறுபடி. அமெரிக்காவின் என்பிஏ லீக் இதற்காக நிற்பதில்லை, அதனால் அங்கே ஆடுபவர்கள் பெரும்பாலும் இந்த ஆட்டங்களில் இருக்கமாட்டார்கள். பிப்ரவரியில் ஆடிய 12 பேரும் நவம்பரில் ஆடிய 12 பேரும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டியதில்லை. பழைய பெங்களூர் மாதிரிச் சுற்றுப்போட்டியில் இது வராது, ஒரே அணி வந்து ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடும்.

ஒரே வேலையைத் துண்டு துண்டாக, குறித்த காலத்தில் முடிப்பதற்கு நம்மிடம் 'தவணை' இருக்கிறது. இலங்கையில் பாடசாலை ஆண்டே மூன்று தவணைதான். 'முதல் தவணையில் இந்தியா இரண்டு ஆட்டம் ஆடியது', 'இரண்டாம் தவணை ஆட்டங்கள் சென்னையில்'. எழுதிப் பார்த்தால் உறுத்தவில்லை.

தே.

---

தமிழ்நாட்டு வாசகருக்குத் தவணை என்றதும் வங்கிக்கடன் நினைவுக்கு வரும். இருக்கட்டும், கட்டத் தவறினால் கையைவிட்டுப் போவதும் இங்கே பொருந்துகிறது. 'ஆட்டத் தவணை' என்று முதல்முறை எழுதி, பிறகு தவணை என்று சுருக்கலாம்.

இதுவரை ஒத்துப்போனவை: ஓரிடத்தில் கூடி ஆடுவது தகுதிச் சுற்றுப்போட்டி. சொந்த ஊர், எதிரணி ஊர் என்று ஆடுவது தகுதி ஆட்டங்கள். இரண்டும் சேர்ந்த முழு நடப்பு தகுதிக் கட்டம், அதற்கு முந்தையது முன்தகுதிக் கட்டம். 2025 மார்ச்சில் மூன்று மூன்று அணிகள் மோதியவை கடைசித் தகுதிச் சுற்றுப்போட்டிகள். ஜித்தாவில் நடந்தது முதன்மைச் சுற்றுப்போட்டி.

என் ஒரே கவலை, பத்திரிகைத் தலைப்பில் இடம் பத்தாமல் 'தகுதிச் சுற்றுப்போட்டி' என்பதை வெட்டி மறுபடி 'தகுதிச் சுற்று' ஆக்கிவிடுவார்கள். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. கட்டுரை உடலிலாவது முழுச்சொல்லைக் காப்போம்.

இன்னொன்று. கூட்டமைப்பின் சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் 'ஃபிபா'. கால்பந்துக் கூட்டமைப்பையும் பல நாளிதழ்கள் 'பிபா' என்றும் 'ஃபிபா' என்றும்தான் எழுதுகின்றன. 'ஃபிபா ஆசியக் கோப்பை' என்றதும் கால்பந்து ரசிகர் ஓடி வருவார். இதற்கு ஏதாவது வழி சொல்லுங்கள்.

செ.

---

செ. தம்பி, சுருக்கத்தையே தொடாதீர்கள். முதல் வரியில் 'பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு', அப்புறம் கட்டுரை முடிய 'கூட்டமைப்பு'. போட்டிக்கு 'ஆசியக் கோப்பைக் கூடைப்பந்து'. ஒற்று மிகுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தே. அவர்கள் அதைக் கிண்ணம் என்றே எழுதட்டும், இரண்டையும் மாற்றுச்சொற்களாக வைத்துக்கொள்வோம்.

மா.