9 வயதுப் பையனுக்கு எடை ஏறுகிறது: சாப்பாட்டைக் குறைக்கலாமா?

கேள்வி:
பையனுக்கு 9 வயது. உயரம் 134 செ.மீ., எடை 41 கிலோ. "வளர்கிற பிள்ளை, உயரம் வந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் சிலர். "ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்து" என்கிறார்கள் வேறு சிலர். எத்தனை கிலோ குறைய வேண்டும்?

பதில் 1:
முதலில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) பாருங்கள்: 41 ÷ 1.34 ÷ 1.34 = 22.8. பெரியவர்களுக்குச் சொல்லும் 25 என்ற அதிக எடை வரம்பை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 9 வயது ஆண் குழந்தைக்கு 17.9-ஐத் தாண்டினால் அதிக எடை, 20.5-ஐத் தாண்டினால் உடல் பருமன். சும்மா விட்டுவிடும் நிலையில் இல்லை.

அதற்காகக் கிலோவைக் குறைக்க இறங்காதீர்கள், இருக்கிற எடை ஏறாமல் நின்றாலே போதும். இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். அடுத்த ஆண்டு 140 செ.மீ. ஆகும்போதும் 41 கிலோவே இருந்தால் பி.எம்.ஐ. 20.9. பத்து வயதுக்குப் பருமன் வரம்பு 21.4. ஒரு கிலோகூடக் குறையாமலே வரம்புக்குக் கீழே வந்துவிடுவான். ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினால் வளர்ச்சிக்கு வேண்டிய சத்து போகும், ஒளித்துத் தின்னும் பழக்கமும் வந்து சேரும்.

மாதம் ஒரு தடவை எடை பார்த்தால் போதும். தினமும் ஏற்றி இறக்கிப் பிள்ளையை நோகடிக்க வேண்டாம்.

பதில் 2:
குடிப்பதில் கை வையுங்கள், பலன் சீக்கிரம் தெரியும். 330 மி.லி. குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதைக் குடித்ததற்காக யாரும் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதில்லை, வயிறு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சர்க்கரை போடாத பழச்சாறும் ஒரு நாளைக்கு 240 மி.லி.க்கு மேல் வேண்டாம், பழமாகவே கடித்துத் தின்னட்டும்.

அவனுக்கு மட்டும் தனிச் சமையல், மற்ற பிள்ளைகளுக்குப் பிஸ்கட் என்று வைத்தால் எல்லாம் கெட்டுவிடும். அலமாரியில் வாங்கி அடுக்கிவிட்டுத் தொடாதே என்பது நியாயமும் இல்லை. வீட்டுக்கே வாங்காதீர்கள்.

தினம் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடட்டும், துண்டு துண்டாக ஆனாலும் சரி. தூக்கம் 9 மணி நேரத்துக்குக் குறைந்தால் பசி கூடும். படுக்கையில் போன் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இரண்டாம் முறை சாப்பாடு கேட்டால்?

பதில் 2:
என்ன, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவன் முடிவு. பாதித் தட்டு காய் இருக்கட்டும். மறுபடி கேட்டால் பதினைந்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். அப்போதும் பசித்தால் கொடுத்துவிடுங்கள். டிவி முன்னால் உட்கார்ந்து தின்றால் மட்டும் இது பலிக்காது. நிறைந்தது அவனுக்கே தெரியாது.

பதில் 3:
மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பின்புறம் கருத்துத் தடித்திருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். தினமும் குறட்டை, பகலில் தூங்கி வழிவது என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உயரத்தையும் கவனியுங்கள். அதிகம் சாப்பிட்டு எடை ஏறிய பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்குச் சற்று உயரமாகவே இருப்பார்கள். உயரம் நின்று எடை மட்டும் ஏறினால் தைராய்டு, கார்டிசால் போன்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம். உங்கள் பையனின் 134 சராசரிக்குச் சற்று மேல்தான்.

இடுப்பிலோ முட்டியிலோ வலித்து நொண்டினால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கும்வரை நடக்கவிடாதீர்கள்.