நாயோடு ஃபிங்கர் லேக்ஸ் (நியூயார்க் மாநிலத்து ஏரிப் பகுதி) போய் வந்தவர்கள் எழுதுங்கள்

முத்துவின் அம்மா:
திராட்சை நாய்க்கு ஆகாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னமும் உறுத்துகிறது.

செப்டம்பர் கடைசி வாரம், செனெக்கா ஏரிக்கரை. மாநிலப் பூங்காவில் ஒன்பது மாதத்துக்கு முன்பே இடம் பிடித்து, வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழை இரண்டு நகல் எடுத்து, நாயை அனுமதிக்கும் ஒயின் ஆலைகளை வரைபடத்தில் குறித்து வைத்திருந்தேன். அப்படி ஓர் ஆலையின் புல்வெளியில் ரீஸ்லிங் ஒயின் ருசி பார்த்துக்கொண்டிருந்தோம். முத்துவின் கயிற்றை மேசைக்காலில் கட்டியிருந்தேன். நீளமான கயிறு. மேசையோ கொடி வரிசையை ஒட்டி. கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்தால், அவன் மூக்கோரத்தில் நாவல்பழ நிறத்தில் ஒரு கறை. என்னைப் பார்த்து வாலை ஆட்டினான்.

விஷமுறிவு உதவி எண்ணில் பேசிய பெண் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பழம்?” எனக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனைக்கு நாற்பது நிமிடப் பயணம். வாந்தி எடுக்க வைத்தார்கள். உதவியாளர் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். தோல்களை எண்ணினேன், பதினான்கு. அடுத்த மூன்று நாட்கள் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் தப்பிவிட்டது. அங்கே “நாய்களுக்கு நல்வரவு” என்று பலகை இருந்தது. பலகையைக் குறை சொல்ல மாட்டேன், கயிற்றைக் கட்டியது நான்.

எடிசன்வாசி:
திராட்சை என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்களைக் கவிழ்த்தது புளியோதரை.

டகானக் நீர்வீழ்ச்சிக்குப் போயிருந்தோம். 215 அடி, நயாகராவைவிட உயரம். அடிவாரம் வரை முக்கால் மைல், கயிறு கட்டினால் நாயும் வரலாம். எங்கள் நாய் பிரவுனியோடு நடந்து களைத்துத் திரும்பி, கூடாரத்துக்குள் விழுந்து தூங்கிவிட்டோம். எழுந்து பார்த்தால் அலுமினியத் தட்டு துடைத்து வைத்ததுபோல் பளபளக்கிறது. மிச்சம், ஒரு கறிவேப்பிலையும் இரண்டு காய்ந்த மிளகாயும். மிளகாயை மட்டும் கவனமாக ஒதுக்கியிருந்தாள் மகராசி.

இரவு முழுக்க வாந்தி. இரண்டு நாள் டிரிப்ஸ். திராட்சையில் நாயைக் கெடுப்பது டார்ட்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். இதை நான் படித்தது ஊர் திரும்பிய பிறகு.

கோவைக்காரன்:
எங்கள் வீட்டு மணி புளிக்குழம்புச் சோறு தின்றே பதினைந்து வருடம் இருந்தான். அமெரிக்கா வந்தவுடன் நாய்க்கும் உடம்பு மெலிந்துவிடுகிறதா என்ன? எல்லாவற்றுக்கும் ஒரு பயம், எல்லாவற்றுக்கும் ஒரு பில்.

என் அனுபவம் சிறியது. வாட்கின்ஸ் க்ளென். பத்தொன்பது அருவிகள் உள்ள அந்தப் பள்ளத்தாக்குப் பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை என்று வாசலில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். மனைவி மட்டும் எண்ணூற்றுச் சொச்சம் படி ஏறிப் பத்தொன்பதையும் பார்த்தாள். நானும் நாயும் வாகன நிறுத்தத்தில் ஒரு மரத்தைப் பார்த்தோம். மேலே விளிம்புப் பாதையில் நாயோடு போகலாம் என்பதைச் சாயங்காலம் ஒருவர் சொன்னார். மனைவி இன்றுவரை அருவிப் படங்களைக் காட்டும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காட்டுகிறாள்.

எடிசன்வாசி:
கோவைக்காரரே, குழம்புச் சோற்றில் புளி எவ்வளவு, புளிக்காய்ச்சலில் எவ்வளவு? உங்கள் அம்மா மணிக்குப் போட்டது பெரும்பாலும் சோறு. பிரவுனி தின்றது ஆறு பேருக்கான காய்ச்சல். திராட்சையிலும் இப்படித்தான், ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் தக்கபடி அமிலம் மாறும். இத்தனை வரை பரவாயில்லை என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. மணி பிழைத்தான், சரி. பிழைக்காத நாய்களைப் பற்றி ஊரில் “ஏதோ தின்றுவிட்டது” என்று சொல்லிப் புதைத்துவிடுவோம்.

ஸ்கார்பரோ:
நாங்கள் ரொறன்ரோவிலிருந்து போனோம். எல்லையில் நாய்க்கான படிவம் கேட்டார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இது கட்டாயம், நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும், மைக்ரோசிப்பும் வேண்டும். நாங்கள் முதல் நாளே நிரப்பி வைத்திருந்ததால் தப்பினோம்.

சொல்ல வந்தது அதுவல்ல. கயூகா ஏரி, ஆகஸ்ட் நடுப்பகுதி, காற்றே இல்லாத நாள். ரெக்ஸ் பந்துக்குப் பின்னால் தண்ணீருக்குள் ஓடிவிட்டான். தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வயசாளி எழுந்து நின்று கத்தினார், “நாயை வெளியே எடு! நக்க விடாதே!” அப்போதுதான் பார்த்தேன். கரையோரம் யாரோ பச்சைப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துவிட்டதைப் போலத் தண்ணீர். நீலப்பச்சைப் பாசி. ரெக்ஸின் நெஞ்சு மயிரிலும் பச்சை. குடிப்பதற்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் அவன் மேல் ஊற்றினோம். மகள் அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பாசியின் நஞ்சு ஈரலையும் நரம்பையும் தாக்கும் என்று பிறகு வாசித்தேன். அந்த வயசாளிக்கு நன்றி சொன்னோமா என்பதே நினைவில்லை.

முகாம் பிரியன்:
எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஒரு ஸ்கங்க் (நாற்றத் திரவம் பீய்ச்சும் விலங்கு) என் நாயின் முகத்தில் பீய்ச்சிவிட்டது, அவ்வளவே. ஆனால் எல்லோரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். நியூயார்க் மாநிலப் பூங்காக்களில் கயிறு ஆறு அடிக்கு மேல் கூடாது. முத்து அம்மா, ஆறு அடியில் கட்டியிருந்தால் கொடி எட்டியிருக்காது. ஓர் இடத்துக்கு இரண்டு நாய்தான். நீச்சல் கரையில் நாய் கூடாது. முகாமுக்குள்ளேயே சில பகுதிகளில் நாய்க்கு இடமில்லை, முன்பதிவின்போது பாருங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள், பதப்படுத்தாத விறகை ஐம்பது மைலுக்கு மேல் நகர்த்தக் கூடாது, மரம் துளைக்கும் வண்டு பரவும். புல்லில் நடந்தால் காது மடிப்பு, அக்குள், கால்விரல் இடுக்கு என்று உண்ணி தேடுங்கள், உண்ணி கடித்து வரும் லைம் நோய் அங்கே சாதாரணம். கூட்டம் பிடிக்காதவர்கள் செனெக்காவுக்கும் கயூகாவுக்கும் நடுவே உள்ள தேசிய வனத்துக்குப் போகலாம். ஆனால் மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன, மாடுகளைக் கண்டால் நாயை இறுக்கிப் பிடியுங்கள். ஸ்கங்க் அடித்தால், நாற்றம் போகத் தக்காளிச்சாறு தேய்ப்பது வீண். மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. கலந்தவுடன் கண்ணில் படாமல் தேய்த்துக் கழுவுங்கள், மிச்சத்தை மூடி வைத்தால் பாட்டில் வெடிக்கும்.

கோவைக்காரன்:
ஐயா, கேட்டது அனுபவம். அந்த ஸ்கங்க் கதையைச் சொல்லியிருக்கலாம்.

லில்லி வீட்டார்:
எங்களுடையதில் விஷம் எதுவும் இல்லை, மன்னிக்கவும்.

செனெக்கா ஏரிக்கரையில் இரண்டாம் இரவு. மேகமில்லை, ஏரி அசையவில்லை. தூரத்தில் ஒரே ஒரு முறை பீரங்கி வெடித்ததைப் போல ஒரு சத்தம். லில்லி பட்டாசுக்குக் கட்டிலடியில் ஒளிபவள். அன்று எழுந்து, காதை முன்னால் மடித்து, ஏரியைப் பார்த்து நின்றாள். குரைக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். காலையில் பக்கத்துக் கூடாரத்து அம்மாள் காபி ஊற்றிக்கொண்டே, “செனெக்கா பீரங்கி கேட்டதா?” என்றார். அந்தச் சத்தத்துக்கு அங்கே பல காலமாக இதுதான் பெயராம். 618 அடி ஆழ ஏரி. அடியிலிருந்து எரிவாயு வெடித்து வருகிறது என்பார்களாம், உறுதியாக யாரும் சொன்னதில்லையாம். வேறு யாருடைய நாயாவது இதைக் கேட்டிருக்கிறதா?

முத்துவின் அம்மா:
லில்லி வீட்டாரே, நாங்கள் முதல் இரவு கேட்டோம், லாரி டயர் வெடித்தது என்று நினைத்தோம். முத்து தூங்கிக்கொண்டிருந்தான்.

முகாம் பிரியன், ஆறு அடி என்று படித்தவுடன் பரணிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்து அளந்தேன். பதினொன்றரை அடி. இந்த செப்டம்பருக்கும் இடம் போட்டிருக்கிறேன். முத்துவைக் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். இரண்டு பேருக்கு, ஒரு நாய் என்று பதிவு செய்திருப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.