வாழக்கூடிய கோள் என்கிறார்களே, பார்க்காமலே எப்படிச் சொல்கிறார்கள்?

கொக்குவில்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பேஸ்புக்கில் "இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு" என்று ஒரு செய்தி வருகிறது, கூடவே நீலக்கடலும் மேகமும் பச்சைக் கரையுமாக ஒரு படம். மகள் தரம் 10. அந்தப் படத்தைக் காட்டி, "அப்பா, இவ்வளவு தெளிவாய்ப் படம் எடுக்கிற ஆட்கள் அங்கே உயிர் இருக்கோ இல்லையோ என்று ஏன் சொல்லேலாமல் நிற்கினம்?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். உண்மையில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதை வைத்து வாழக்கூடியது என்கிறார்கள்? இல்லை, எல்லாமே பொய்ச் செய்தி என்று விட்டுவிடலாமா? விளங்கிற மாதிரி யாராவது சொல்லுங்கோ.

பௌதிக_வாத்தி:
அண்ணை, அந்தப் படங்கள் கணினியில் கீறினவை. வேறொரு விண்மீனைச் சுற்றும் பூமி அளவான கோள் ஒன்றையும் இன்றுவரை யாரும் நேரே படம் பிடித்ததில்லை.

அவர்கள் பார்ப்பது விண்மீனை. கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி ஒரு துளி குறையும். சூரியன் போன்ற ஒன்றின் முன்னால் பூமி போன்ற ஒன்று போனால் குறைவது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பருத்தித்துறை வெளிச்சவீட்டு விளக்குக்கு முன்னால் நுளம்பு பறந்ததைக் கோடிக்கரையில் நின்று கண்டுபிடிக்கிற மாதிரி வேலை. கெப்லர் தொலைகாட்டி 2009 முதல் 2018 வரை இதையே செய்து 2,600க்கு மேற்பட்ட கோள்களைத் தந்தது. ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து கோளின் பருமன் வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது என்பதிலிருந்து அதன் ஆண்டு வரும்.

இன்னொரு வழி, கோள் இழுக்கிற இழுவையில் விண்மீன் ஆடுவதை அளப்பது. 1995 இல் மேயர், கெலோ என்ற வானியலாளர்கள் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளை இப்படித்தான் பிடித்தார்கள், 2019 இல் நோபல் பரிசும் வந்தது. நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் புரொக்சிமா சென்டோரியின் கோளை 2016 இல் அறிவித்தபோது அந்த விண்மீன் ஆடின வேகம் மணிக்கு 5 கிலோமீற்றர்தான். நாம் ஒழுங்கையில் நடக்கிற வேகம்!

சரி, வாழக்கூடியது என்பது எங்கேயிருந்து வருகிறது? ஆண்டு தெரிந்தால் தூரம் தெரியும், விண்மீன் எவ்வளவு ஒளி வீசுகிறது என்பதும் தெரிந்தால் அந்தத் தூரத்தில் தண்ணீர் உறையாமலும் ஆவியாகாமலும் நிற்க வாய்ப்புண்டா என்று கணக்குப் போடலாம். அந்த வலயத்துக்குள் விழுந்தால் அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீரை யாரும் காணவில்லை. சந்திரனும் சூரியனிலிருந்து பூமியின் தூரத்தில்தான் இருக்கிறது, அங்கே ஒரு புல் முளைக்கவில்லையே. காற்று இருக்கிறதா என்பதுதான் விஷயமே.

சுன்னாகம்_சந்தேகி:
வாத்தி சொன்னது சரி, ஆனால் காற்றை அளந்துவிட்டோம் என்று வருகிற செய்திகளிலும் கவனம் வேண்டும். கே2-18பி என்று ஒரு கோள், சிம்ம ராசிப் பக்கம் 124 ஒளியாண்டு தூரம், பூமியைவிட எட்டு மடங்குக்கு மேல் பாரம். ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி அதன் ஓரத்தால் கசிந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் மெதேனும் காபனீரொட்சைட்டும் இருப்பதாக 2023 இல் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் வானியலாளர் மதுசூதனின் குழு டைமெத்தில் சல்பைட் போன்ற ஒன்றின் தடயம் தெரிகிறது என்றது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் விடுவது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள், அதனால் மறுநாளே "உயிர் கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். அந்தக் குழுவே தன் முடிவு தற்செயலாக வர ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது, அது போதாது என்றுதான் எழுதியது. பிறகு வேறு குழுக்கள் அதே தரவை எடுத்துப் பார்த்துவிட்டு அந்த வாயு இருக்கிறதென்று சொல்லவே ஆதாரம் போதாது என்றன. உயிரே இல்லாத ஒரு வால்வெள்ளியிலும் அது இருந்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் பிழை ஆய்வாளர்களில் இல்லை, தலைப்புப் போடுகிறவர்களில்.

ட்ரப்பிஸ்ட்-1 கதையும் இதுதான். கும்ப ராசிப் பக்கம் 40 ஒளியாண்டில், வியாழனைவிடச் சற்றே பெரிய ஒரு சிவப்பு விண்மீன், அதைச் சுற்றிப் பாறைக்கோள்கள் ஏழு. 2017 இல் எவ்வளவு ஆரவாரம். ஆக உள்ளே இருக்கிற கோளை வெப் பார்த்தபோது பகல் பக்கம் 230 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கிறது, காற்று இருப்பதற்கான அறிகுறியே இல்லை. வலயத்துக்குள் இருக்கும் "இ" என்ற கோளின் முதல் அளவீடுகள் 2025 இல் வந்தன, அதில் இன்னும் முடிவில்லை. நான் ஆவலாய்ப் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். இப்படியான சிவப்பு விண்மீன்கள் இளமையில் பெரிய சுவாலைகளை வீசி, அருகில் இருக்கும் கோளின் காற்றை உரித்துவிடக் கூடியவை.

உரும்பிராய்_பொடியன்:
அப்போ அங்கே ஒரு பரப்புக் காணி வாங்கிப் போடுற பிளான் சரிவராது போல. வொயேஜர்-1 விண்கலம் போகிற வேகத்தில் போனால் புரொக்சிமாவுக்கே எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் எடுக்குமாம். நம்ம இலங்கை பெயர் வைத்த கோளும் ஒன்று இருக்கு தெரியுமோ? 2019 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனும் கோளும் கொடுத்தது. நமக்கு வந்த விண்மீன் சாமய, கோள் சமகிய. வியாழனைவிடப் பாரமான வாயு உருண்டை, கால் வைக்க நிலமே இல்லை.

கொக்குவில்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. சந்திரன் கதையை மகளுக்குச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். ஒன்று மட்டும் கேட்கவேண்டும்: இந்த விண்மீன்களில் எதையாவது யாழ்ப்பாணத்தில் நின்று வெறுங்கண்ணால் காட்டலாமா?

பௌதிக_வாத்தி:
புரொக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது, மிக மங்கல். ஆனால் அதன் கூட்டாளியான ஆல்ஃபா சென்டோரி நல்ல பிரகாசம், ஐரோப்பாவில் இருக்கும் நம் சொந்தக்காரருக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. வைகாசி முடிந்து ஆனி பிறக்கிற நாட்களில் இரவு ஒன்பது மணிபோல் பண்ணைப் பாலத்தில் நின்று தெற்கே பாருங்கோ, சோளகக் காற்று முகில் கொண்டுவராவிட்டால் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளிகள், இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டோரி. அந்த இரண்டையும் கோடாக வலப்பக்கம் நீட்டினால் தென்சிலுவை வரும். கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிந்தாலும் ஆல்ஃபா சென்டோரி உண்மையில் இரண்டு விண்மீன்கள். 2025 ஓகஸ்டில் அதில் ஒன்றைச் சுற்றிச் சனி அளவான வாயுக்கோள் இருக்கலாம் என்று வெப் குழுவினர் சொன்னார்கள், இன்னும் உறுதியாகவில்லை. தெருவிளக்குக்குக் கீழே மட்டும் நிற்காதையுங்கோ, பாலத்தில் கொஞ்சத் தூரம் உள்ளே போங்கோ.